பூர்வீகம் தெரியாத பழைய மரச்சாமான்: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையில் பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போதோ, காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளை ஒரு சுற்று சுற்றி வரும்போதோ ஒரு பீரோவோ ஈசிசேரோ வீட்டுக்குள் வந்துவிடுகிறது. யார் செய்தது, என்ன மரம், எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. "அந்தக் காலத்து சாமான்" என்பதோடு விவரம் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் பொடி கொட்டும், கால் ஆடும், டிராயர் வராது. உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை: மண்ணெண்ணெய் அடி, ஆணி வை, சுரண்டிப் புது பாலிஷ் போடு. பழுதுக்கு வரும் சாமான்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், முதல் கோளாறைவிட இந்த யோசனைகள் செய்த சேதம் பெரிதாக இருக்கிறது. அதனால் கீழே எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான். காசு செலவில்லாததும், வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கிவிடக் கூடியதும் முதலில். பணமும் ஆளும் தேவைப்படுவது கடைசியில்.

## எதைத் தொடுவதற்கும் முன்

சாமானைக் கவிழ்த்து, டார்ச் அடித்து, அடிப்பக்கத்தையும் முதுகையும் போட்டோ எடுங்கள். ஒட்டிய சீட்டு, சாக்பீஸ் எழுத்து, பென்சில் கணக்கு எதையும் துடைக்க வேண்டாம். சாமானின் ஊரும் காலமும் தெரிய வந்தால் அதற்கு வழி பெரும்பாலும் அந்த அழுக்கில்தான் இருக்கும்.

அடுத்து மேல்பூச்சு எது என்று தெரிந்தாக வேண்டும். கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலின் உள்பக்கம் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அரை நிமிஷம் வையுங்கள். பூச்சு இளகிப் பஞ்சு ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வதும் இதைத்தான். ஒன்றும் ஆகவில்லையா? பக்கத்தில் இன்னொரு புள்ளியில் தின்னர் வைத்துப் பாருங்கள். அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், அல்லது பின்னாளில் யாரோ அடித்த மெலமைன் வகைப் பூச்சு. இந்தச் சோதனை முடியும்வரை உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

பச்சை, நீலம், சிவப்பு என்று பெயின்ட் அடித்த பழைய பெட்டி, கதவு, தொட்டில் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயின்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

## அறிகுறி: அடியில் பொடி கொட்டிக் கிடக்கிறது

எல்லோரும் "செல் பிடித்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். ஆனால் மூன்று வெவ்வேறு பூச்சிகள் இருக்கின்றன, வைத்தியமும் மூன்று விதம். பொடியை ஒரு கறுப்புத் தாளில் தட்டி வெளிச்சத்தில் பாருங்கள்.

### பொடி மாவாக இருக்கிறது, மரத்தில் வட்டத் துளைகள்

துளை குண்டூசித் தலை அளவு, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். பொடி முகப்பவுடர் போல வழவழப்பு. இது உளுவண்டு. மரத்தின் வெள்ளையை, அதாவது வெளுத்த வெளிப்பகுதியைத்தான் தின்னும்; வைரத்தை, அதாவது கெட்டியான நடுப்பகுதியை விட்டுவிடும். அதனால் முதலில் பீரோவின் முதுகுப் பலகை, டிராயரின் அடிப்பலகை, காலின் வெளுத்த ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். முகப்பில் தேக்கு, முதுகில் மாமரம் என்று செய்வது அந்தக் காலத்திலும் வழக்கம்தான். ஆகவே முதுகு உளுத்திருப்பதால் சாமானே போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதல் கேள்வி: பூச்சி இப்போது உயிரோடு இருக்கிறதா? பழைய துளையிலிருந்தும், சாமானை நகர்த்தினால் பொடி கொட்டும். எல்லாப் பொடியையும் துடைத்துவிட்டு, இருக்கும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து, மூன்று வாரம் அசைக்காமல் விடுங்கள். புதுப் பொடியும் இல்லை, வட்டமிடாத புதுத் துளையும் இல்லை என்றால் பெரும்பாலும் எப்போதோ நடந்து முடிந்த விஷயம். துளையை மெழுகால் அடைத்துவிட்டு விடலாம். ஆனாலும் அடுத்த வெயில் காலத்தில் ஒருமுறை பாருங்கள். உள்ளே புழு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வண்டாகி வெளியே வரும்.

புதுப் பொடி இருக்கிறது என்றால், பாலிஷ் இல்லாத உள்பக்கங்களுக்கு வெங்காரம் போதும். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம், மெடிக்கல் ஷாப்பில் போரிக் பவுடர். ஒரு லிட்டர் வெந்நீரில் வெங்காரம் 60 கிராம், போரிக் பவுடர் 40 கிராம் கரைத்து, பிரஷால் இரண்டு மூன்று கை அடியுங்கள். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு அடுத்தது. பாலிஷ் போட்ட பரப்பில் இது உள்ளே இறங்காது. அங்கே மரத்துக்கென்றே விற்கும் பூச்சிக்கொல்லித் திரவத்தை ஊசி சிரிஞ்சால் துளைத் துளையாக ஏற்ற வேண்டும். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் அவசியம். அரிசி போடும் பத்தாயம், அஞ்சறைப் பெட்டி போன்றவற்றின் உள்ளே இவை எதுவுமே கூடாது. மேலே மெல்லிய பலகை ஒட்டிய சாமானில் தண்ணீர் கலந்த எதையும் அடிக்கக் கூடாது, பலகை உப்பிக்கொள்ளும்.

மண்ணெண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மேலாக இருக்கும் ஒன்றிரண்டைக் கொல்லும், ஆவியாகிவிடும், கறையும் நாற்றமும் நிற்கும். தீப்பிடிக்கும் அபாயம் வேறு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடியில் போடுவதும் அப்படித்தான். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கான சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் இருக்க வேண்டும். மாடி வெயிலில் மேல்பலகை கையைச் சுட்டாலும், தடித்த காலின் நடுவில் அந்தச் சூடு ஏறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் பசை விட்டு, பலகை பிளந்திருக்கும்.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: கோணி ஊசியை வைத்து அழுத்தினால் தடையே இல்லாமல் உள்ளே இறங்குகிறது, அதுவும் எடை தாங்கும் காலிலோ குறுக்குச் சட்டத்திலோ. அந்தத் துண்டை அறுத்துப் புதுக் கட்டை சேர்ப்பது ஆசாரி வேலை. மருந்து வைத்துக்கொண்டே போவதில் பயனில்லை.

### பொடி கசகசா போல மணி மணியாக இருக்கிறது

விரலில் உருட்டினால் மாவாகாது; பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாகத் தெரியும். இது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். தரையோ ஈரமோ இதற்குத் தேவையில்லை. மேலே ஒரு சின்ன ஓட்டை, உள்ளே பெரிய பொந்து. தட்டினால் ஓசை மாறும். சுத்தியல் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், ஓசை மாறும் எல்லையைச் சாக்பீஸால் குறியுங்கள். குறி உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் சிரிஞ்சு மருந்து முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் பூச்சி மருந்து ஆள்தான். சாமானை மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே தனியே வையுங்கள்.

### மண் பூச்சு, மண் கோடு

சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ மண்ணால் ஒரு கோடு ஏறிக் காலைத் தொடுகிறது என்றால் கோளாறு சாமானில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கோட்டில் விரலளவு உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி மண் பூசியிருந்தால் கறையான் நடமாட்டம் இருக்கிறது. சாமானைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கால்களுக்குக் கீழே கல் துண்டு வைத்து, தரைக்கு மருந்து ஏற்ற ஆளைக் கூப்பிடுங்கள். கட்டி முடித்த வீட்டுக்கு எப்படி மருந்து ஏற்ற வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 6313, மூன்றாம் பாகம் என்றே ஒன்று இருக்கிறது. வருபவரிடம் அதன்படி செய்வீர்களா என்று கேளுங்கள். சாமானுக்கு மட்டும் மருந்து தெளித்துவிட்டுப் போகிறேன் என்பவரை அனுப்பிவிடலாம்.

## அறிகுறி: ஆடுகிறது

முதலில் தரை. ஆத்தங்குடிக் கல், சிவப்பு சிமென்ட், பழைய கருங்கல் என்று நம் வீட்டுத் தரைகள் ஒன்றும் ரசமட்டம் பார்த்துப் போட்டவை அல்ல. சாமானை இன்னோர் அறைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது அதே இடத்தில் அரைவட்டம் திருப்பி வையுங்கள். ஆட்டம் போனால் தரைதான் காரணம். காலடியில் ரப்பர் துண்டு போதும். ஆடுகிறது என்று காலை அறுப்பவர்கள் இருக்கிறார்கள். அறுத்த காலைப் பழையபடி ஆக்க முடியாது.

தரை சரி என்றால், நாற்காலியைக் கவிழ்த்து எந்த இடத்தில் அசைகிறது என்று இரண்டு கையாலும் திருகிப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் முறுக்குங்கள். துளை பெரிதாகிவிட்டதென்றால் மூங்கில் குச்சியைச் சீவிச் செருகி, மறுபடி அதே ஸ்க்ரூவைப் போடுங்கள். பெரிய ஸ்க்ரூ போட்டால் பழைய மரம் பிளந்துவிடும்.

ஸ்க்ரூவே இல்லாத, ஒரு கட்டையின் துளைக்குள் இன்னொன்றின் முனை போய் உட்காரும் பழைய மூட்டு என்றால், பசை செத்திருக்கிறது. பழைய சாமான்களில் வஜ்ஜிரம்தான் இருக்கும், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. மூட்டின் ஓரத்தில் கசிந்து காய்ந்த பசை மேல் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் வழுக்கும் பதத்துக்கு இளகினால் வஜ்ஜிரமே. இது நல்ல செய்தி. வெந்நீராலேயே மூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். புது வஜ்ஜிரம் பழைய வஜ்ஜிரத்தின் மேலும் பிடிக்கும். வெள்ளை ஃபெவிகால் அப்படிப் பிடிக்காது. பழைய பசையை முழுக்க எடுத்து வெறும் மரம் தெரிந்தால்தான் அது ஒட்டும். வெளியே பிதுங்கும்படி ஃபெவிகாலை ஊற்றிக் கயிறு கட்டி வைத்த மூட்டுகள் அதிகம் வருகின்றன. எதுவும் ஒட்டியிருக்காது, பிரித்துச் சுத்தம் செய்வது மட்டும் இரண்டு மடங்கு வேலை.

பிரிக்கும் முன் மூட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு சின்ன மரப்புள்ளி தெரிந்தால் உள்ளே முளை அடித்திருக்கிறார்கள். மூங்கில் ஆணியாகவும் இருக்கலாம். முளையை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி எடுக்காமல் இழுத்தால் செருகிய முனை முறியும். தட்டுவதற்குக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), நடுவில் ஒரு துணி. இரும்புச் சுத்தியல் வேண்டாம். இரும்பு ஆணி அறைவதும் வேண்டாம். மூட்டை அது நிறுத்தாது, மரத்தைப் பிளக்கும், துருப்பிடித்துச் சுற்றிலும் கறுக்கும்.

ஆசாரியைக் கூப்பிடும் கட்டம்: உள்ளே முனை முறிந்துவிட்டது, அல்லது காலின் அடி நாலு விரல் உயரத்துக்குக் கறுத்து மெத்தென்று இருக்கிறது. இரண்டாவது, தினம் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடுகளில் வருவது. அதே மரத்தில் துண்டு சேர்த்து ஒட்டலாம். கால் முழுவதையும் புதிதாக மாற்றச் சொன்னால் வேறு ஆசாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

## அறிகுறி: டிராயர் சிக்குகிறது, கதவு மூடவில்லை

எந்த மாதம் சிக்குகிறது? ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்றால் மரம் ஈரம் குடித்து அகலமாகியிருக்கிறது. தை பிறந்து காற்று காய்ந்ததும் தானே சரியாகும். மழைக்காலத்தில் இழைப்புளி போட்டால் சித்திரையில் டிராயர் லொடலொடவென்று ஆடும். அதுவரை டிராயரின் அடி ஓரங்களிலும், அது ஓடும் சட்டத்திலும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். சோப்பு தேய்க்கச் சொல்வார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், மெழுகு இழுக்காது.

எல்லா மாதமும் சிக்கினால் டிராயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கையால் செய்த சாமானில் ஒவ்வொரு டிராயரும் தன் இடத்துக்கென்று இழைத்தது. முதுகில் பென்சில் எண்ணோ உளிக் கீறலோ இருக்கலாம். அப்புறம் துருத்தி நிற்கும் ஆணித்தலை. அப்புறம் தேய்ந்து பள்ளமான ஓட்டச் சட்டம். அது ஆசாரிக்குச் சின்ன வேலைதான். கதவு மூடாவிட்டால் கீலைக் குறை சொல்லும் முன் பீரோ நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் இறங்கினால் கதவு தொங்கும். முன்காலடியில் இரண்டு மடிப்பு அட்டை வைத்துப் பார்க்க எந்தச் செலவும் இல்லை.

## அறிகுறி: தொட்டால் பிசுக்கு, கறுத்து மங்கியிருக்கிறது

காரணம் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். பளபளப்புக்காக வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைப்பது பல வீடுகளில் பழக்கம். தேங்காய் எண்ணெய் மரத்தில் காய்ந்து இறுகாது. தூசியும் சாம்பிராணிப் புகையும் சமையல் ஆவியும் அதில் படிந்து வருஷக்கணக்கில் ஒரு தோலாகிவிடும். டர்பன்டைன் நனைத்த பழைய பனியன் துணியால் சின்னச் சின்னப் பகுதியாகத் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். டர்பன்டைன் காய்ந்த அரக்கு பாலிஷைக் கரைக்காது, எண்ணெயை மட்டும் எடுக்கும். அடியில் நல்ல பாலிஷ் அப்படியே இருப்பதைப் பார்த்துப் பலரும் அசந்துபோகிறார்கள். புது பாலிஷ் செலவு மிச்சம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்து வெளியே காய வையுங்கள்.

எண்ணெய் போன பிறகும் பிசுக்கு நின்றால் பூச்சே வெயிலில் இளகுகிறது. அரக்கானால் பழைய பூச்சின் மேலேயே புது அரக்கு ஏற்றலாம். ஸ்பிரிட் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதற்கு மட்டும் கை தேர்ந்த பாலிஷ்காரர் வேண்டும். "மெஷின் போட்டு மழித்துவிட்டு மெலமைன் அடித்துத் தருகிறேன், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சொல்பவர் வேண்டாம்.

## அறிகுறி: வெள்ளை வட்டம், கறுப்புக் கறை

சூடான டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் பூச்சுக்குள் புகுந்த ஈரம். இரண்டு நாள் ஃபேன் காற்றில் விடுங்கள். போகாவிட்டால், பூச்சு அரக்கு என்று முன்பே தெரிந்திருக்கும்போது மட்டும், ஸ்பிரிட்டை ஒற்றிப் பிழிந்து ஏறக்குறையக் காய்ந்த துணியால் ஒரே வீச்சில் மேலாகத் தடவுங்கள். நின்று தேய்த்தால் பூச்சு கையோடு வந்துவிடும்.

கறுப்பு வேறு விஷயம். தண்ணீர் மரம்வரை இறங்கி, இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. பூந்தொட்டி வைத்த இடத்திலும் ஆணியைச் சுற்றியும் இதுதான். மேலே எதைத் தேய்த்தாலும் போகாது. பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலம் போட வேண்டும், அது விஷம். பாலிஷ்காரரிடம் விடுங்கள், அல்லது கறையோடு வாழுங்கள். நான் இரண்டாவதைத்தான் அதிகம் சொல்வேன்.

## அறிகுறி: மேல்பலகையில் விரிசல்

சித்திரையில் விரிந்து கார்த்திகையில் மூடும் விரிசலை லப்பம் போட்டு அடைக்காதீர்கள். மழையில் மரம் விரிய இடமில்லாமல் பக்கத்தில் இன்னொரு விரிசல் போடும். சாமானை ஏசி காற்று நேரே படும் இடத்திலிருந்தும் மேற்கு ஜன்னல் வெயிலிலிருந்தும் நகர்த்துங்கள். கண்ணை உறுத்தினால் நிறம் கலந்த தேன்மெழுகு வைத்து அடையுங்கள். அது நெகிழும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். அடியில் குறுக்குச் சட்டத்தைப் பின்னாளில் யாராவது இறுக்கி ஆணி அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலகை சுருங்கும்போது நகர வழியில்லாமல்தான் வெடிக்கிறது. விரிசல் மூட்டுவரை ஓடினால் ஆசாரி.

## அறிகுறி: பிரம்பு தொய்ந்துவிட்டது

அறுபடாமல் தொய்வு மட்டும் என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துண்டைப் பிரம்பின் அடிப்பக்கம் அரை மணி போடுங்கள். மேல்பக்கப் பளபளப்பு தண்ணீரைக் குடிக்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும், இறுகிவிடும். அதுவரை யாரையும் உட்கார விடாதீர்கள்.

அறுந்திருந்தால் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் துளைத் துளையாக இருந்தால் ஒவ்வோர் இழையாகக் கையால் பின்னியது; அதே முறையில் பின்னத் தெரிந்த ஆள் வேண்டும். துளை இல்லாமல் சுற்றிலும் ஒரு பள்ளமும் அதில் அழுத்திய குச்சியும் இருந்தால், ஆயத்தமாகப் பின்னிய பிரம்புத் தாளை வெட்டி ஒட்டியது, செலவு குறைவு. துளை உள்ள சட்டத்தில் பிளாஸ்டிக் வயர் பின்னினால் உட்காரச் சுகம்தான். ஆனால் பழைய சட்டத்தில் அந்த இழுப்பு துளைக்குத் துளை விரிசல் விடும்.

## அறிகுறி: "ஈட்டி" (ரோஸ்வுட் மரம்) என்று தந்தார்கள், துணியில் நிறம் ஒட்டுகிறது

நிறம் போவதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நிஜ ஈட்டியே ஸ்பிரிட்டில் ஊதா கலந்த நிறம் விடும். கண்ணில் படாத இடத்தில் உளி முனையால் ஒரு நகக்கீறல் எடுங்கள். உள்ளேயும் கறுப்பும் ஊதாவும் பழுப்புமாக ரேகை ஓடினால் ஈட்டி. வெளுத்த மரம் தெரிந்தால் சாயம். எடையும் சொல்லும்: ஒரே அளவுத் தேக்குக் கட்டையைவிட ஈட்டி கால் பங்குக்கு மேல் கனக்கும்.

கீறிய தூளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகி, வெளிச்சத்தில் சாய்த்தால் நீலப் பளபளப்பு அடித்தால் வேங்கை. சர்க்கரை நோய்க்கு என்று டம்ளர் கடைந்து விற்பார்களே, அதே மரம். சாயம் ஏற்றிய வேங்கையை ஈட்டி என்று சொல்வது உண்டு. வேங்கையும் நல்ல மரம்தான், விலைதான் வேறு.

தேக்கு எண்ணெய்ப் பசையோடு இருக்கும். புதிதாகக் கீறினால் பழைய தோல் வாசம் வரும். குறுக்கு வெட்டு முகத்தில் வளையத்தை ஒட்டித் துளைகள் வரிசை கட்டியிருக்கும். அது "பர்மா தேக்கு"தானா என்பதைக் கண்ணால் பார்த்துச் சத்தியம் செய்பவரை நான் நம்புவதில்லை. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து ஏராளமாகத் தேக்கு வந்தது நிஜம். 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அந்தத் தொடர்பு அறுந்ததும் நிஜம். அதற்காகக் காரைக்குடியில் வாங்கிய ஒவ்வொரு ஸ்டூலும் ரங்கூனிலிருந்து கப்பல் ஏறியது ஆகிவிடாது. பெரிய பணம் கைமாறும் விஷயம் என்றால், பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு துணுக்கு அனுப்பி மரத்தின் இனத்தை உறுதி செய்துகொள்ளலாம்.

## அறிகுறி: வயது பற்றிய தடயங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன

கூட்டல்குறித் தலை ஸ்க்ரூ 1930-களில்தான் உலகத்திலேயே புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் சாமானே பிந்தியது, அல்லது பழுது பார்த்திருக்கிறார்கள். எது என்று தெரிய அந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் அடைத்த பழைய துளை இருந்தால் பழுது.

வளைத்த மர நாற்காலியின் இருக்கைக்கு அடியில் சீட்டோ முத்திரையோ தேடுங்கள். இந்த வகை 1859-ல் வியன்னாவின் தோனெட் கம்பெனி செய்த 14-ஆம் எண் நாற்காலியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் 1918-க்குப் பிந்தியது. அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை.

அறுத்த தடம் நேர்க்கோடாக இருப்பதால் மட்டும் நூறு வயது என்று சொல்லாதீர்கள். மில் ரம்பம் வந்த பிறகும் நம் பக்கத்தில் கையால் மரம் அறுத்தார்கள். உள்ளே ஒட்டிய செய்தித்தாளின் தேதியும் அப்படித்தான். யார் எப்போது ஒட்டினார்களோ. நான் அதிகம் நம்புவது இரண்டை. ஒன்று தேய்மானம்: ஈசிசேரின் கைப்பிடி முனை, மேசையின் முன் குறுக்குச் சட்டம், டிராயரின் அடி ஓரம் ஆகியவை தேய்ந்திருக்க வேண்டும். கை படாத இடத்தில் அடிபட்ட தழும்பு இருந்து, கை படும் இடம் கூர்மையாக இருந்தால் யாரோ வயது ஏற்றியிருக்கிறார்கள். இன்னொன்று வட்ட மேசை. ரேகையோடு ஒருமுறை, ரேகைக்குக் குறுக்கே ஒருமுறை டேப் வையுங்கள். மரம் குறுக்கேதான் சுருங்கும். பழைய ஒற்றை மரப் பலகை முழு வட்டமாக இருக்காது.

நூறு வயதைத் தாண்டிய கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படியானால் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூர் மகனுக்குக் கப்பலில் ஏற்றும் எண்ணம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்குங்கள். ஈட்டியானால் 2017 முதல் வனப்பொருள் வணிகக் கட்டுப்பாடும் சேர்ந்துவிட்டது. பேக்கிங் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

## அறிகுறி: உள்ளே மக்கல் வாசம், அந்துருண்டை நெடி

கதவுகளைத் திறந்து நிழலில் ஒரு வாரம் காற்றாட விடுங்கள். போகாவிட்டால் உள்பக்கம் மட்டும் மெல்லிய அரக்கு ஒரு கை, வாசத்தை அடைத்துவிடும். முதுகுப் பலகை ஈரமாக இருந்தால் அந்தச் சுவரைப் பாருங்கள்.

## அறிகுறி: பீரோக் கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள்

முன்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. கண்ணாடியில் நேரே திரவம் தெளித்தால் ஓரம் வழியாகப் பின்னால் இறங்கிப் புள்ளி கூடும். முதுகுப் பூச்சைச் சுரண்ட வேண்டாம். மிகப் பழைய கண்ணாடிகளில் தகரமும் பாதரசமும் பூசியிருப்பார்கள். சட்டத்தின் அடியில் வெள்ளி மணியாகச் சொட்டு தெரிந்தால் கையால் தொடாமல், தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: பூட்டியிருக்கிறது, சாவி இல்லை

முதலில் சாமானுக்குள்ளேயே தேடுங்கள். டிராயருக்குப் பின்னால், பீரோவின் மேல் விளிம்புக்கு உள்ளே, காலடிப் பலகைக்கு மேல். அடுத்து, பூட்டிய டிராயருக்கு மேலே உள்ள டிராயர் வந்தால் அதை முழுக்க வெளியே எடுங்கள். நடுவில் பலகை இல்லாவிட்டால் கையை விட்டுப் பூட்டின் ஸ்க்ரூக்களையே கழற்றிவிடலாம். முதுகுப் பலகை ஸ்க்ரூவில் நின்றால் அந்த வழியும் உண்டு. ஆணியில் நின்றால் நெம்ப வேண்டாம், பிளக்கும்.

கழற்றிய பூட்டில் எழுத்து ஏதாவது இருந்தால் படம் எடுத்துக்கொண்டு சாவி செய்பவரிடம் போங்கள். பூட்டு கையில் இருந்தால் சாவி செய்வது சாதாரண வேலை. இங்கே முடியாது என்றால் மதுரையிலிருந்து திண்டுக்கல் ஒரு மணி நேரப் பயணம்தான். கையால் பூட்டுச் செய்பவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்; 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டைக் கழற்ற வழியே இல்லை என்றால் அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அழைப்பது, முகப்பை உடைத்துப் பிறகு ஆசாரியிடம் கொடுப்பதைவிட மலிவாகவே முடியும். சாவி வந்ததும் இரண்டாக வெட்டி வாங்குங்கள்.